வீடு கூப்பிட்ட பெயர்

விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முன்னறையில் துணி மூடிக் கிடந்த ஏதோ ஒன்று கனைத்தது.

அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த ஜெனோவா கரண்டியும் கையுமாக நின்றாள். எலி என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் எலி இப்படிப் பல்லைக் கடிக்காது. கர்ர் என்று ஓர் இழுப்பு. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு எதுவோ இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சறுக்கி ஓடுகிற சத்தம்.

வீட்டில் அவளும் மூன்று வயது மகளும்தான். மகள் தரையில் குப்புறப் படுத்து, கிரேயானால் யானைக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தாள். மாடி வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை.

முன்னறைக்குப் போய்த் துணியை எடுத்தாள். பிரிண்டர். யாரும் தொடாத பிரிண்டர், பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒரு தாளை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

உருவி எடுத்துப் பார்த்தாள். ஒரு மோட்டார் பைக்கின் இன்சூரன்ஸ். போன வருடத்தது. வண்டி எண்ணைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மேலே பெயர் இருந்தது. ராபின்சன்.

ராபின்சன் அவள் கணவன்.

அடுப்பில் தோசை கருகத் தொடங்கியது.

போன வருடம் அவனை விட்டு வெளியே வந்தபோது ஜெனோவா எடுத்துவந்தவை மகளும், மாற்றுத் துணியும், போனும், மகளின் டேப்லெட்டும், தன் சம்பளத்தில் வாங்கிய இந்தப் பிரிண்டரும்தான். டைப்பிங் வேலை அவளுக்குச் சோறு போட்டது. ராபின்சன் இரண்டு முறை மகளைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தான். இரண்டாவது முறை பைக் ரயில்வே கேட் வரை போய்விட்டது. கேட் சாத்தியிருந்ததால் பிள்ளை கிடைத்தாள். அவன் பக்கத்தில் வரக்கூடாது என்று கோர்ட் சொல்லியிருந்தது. கோர்ட் சொன்னதைக் கேட்கிற ஆள் இல்லை அவன்.

அவள் பாளையங்கோட்டையில் இருக்கிறாள் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எந்தத் தெரு, எந்தக் கதவு என்பதுதான் தெரியாது. அந்த ஒன்று தெரியாததால்தான் தாயும் மகளும் ராத்திரியில் கண்ணை மூட முடிந்தது.

இப்போது அவன் வண்டியின் காகிதம் அவள் கையில் சூடாக இருந்தது.

அடுப்பை அணைத்தாள். வக்கீலம்மாவுக்குப் போன் செய்தாள். அடுத்தபடியாகக் கிறிஸ்டபெல் டீச்சருக்கு.

கிறிஸ்டபெல் ஒரு பேக்கரியின் மாடியில் பெண்களுக்கு வைஃபை வேலை சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்கு, கடைக்கு, சின்ன ஆபீசுக்கு ரவுட்டர் மாட்டி, எல்லாவற்றையும் அதில் சேர்த்துக் கொடுக்கிற வேலை. ஜெனோவா அங்கேதான் படித்தாள். கான்வென்ட்டில் கிறிஸ்டபெல் அவளுக்கு இரண்டு வகுப்பு கீழே. ஆகவே குரு சிஷ்யையை ‘எக்கா’ என்றாள், சிஷ்யை குருவை ‘டீச்சர்’ என்றாள். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் சங்கடமில்லை. மற்ற மாணவிகளுக்குத்தான் சிரிப்பு.

“வராந்தாவுல தமிழ் பேசுனேன்னு என் பேரை போர்டுல எழுதின லீடர் இவங்க,” என்று கிறிஸ்டபெல் முதல் நாளே வகுப்பில் சொன்னாள். “ஃபைன் நாலணாவா, எட்டணாவாக்கா?”

“நீங்க கட்டவே இல்ல டீச்சர்,” என்றாள் ஜெனோவா.

கிறிஸ்டபெல்லிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேள்வி கேட்டால் நேராகப் பதில் வராது.

“கம்பியே இல்லாம எப்படி டீச்சர் வருது?” என்று ஒருநாள் ஜெனோவா கேட்டாள்.

டீச்சர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “கேக்குதா?”

“கேக்குது.”

அதற்கும் அடுத்த அறைக்குப் போனாள். இன்னொரு கதவையும் சாத்தினாள். “இப்போ?”

“லேசா.”

அங்கே கிடந்த பேக்கரியின் பழைய இரும்பு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு என்னவோ சொன்னாள். யாருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

வெளியே வந்தாள். “நான் என்ன சொன்னேன்?”

“கேக்கல டீச்சர்.”

“ரவுட்டரை பீரோ பக்கத்துல வைக்காதீங்கன்னு சொன்னேன்.”

இன்னொரு நாள் கேட்டது இது: “ஒரே ரவுட்டர். பத்துப் போன். எது யாருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“எக்கா, அசனத்துக்குப் போயிருக்கீங்கள்ல?”

போகாமல் எப்படி? கோயில் திருநாளில் ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து.

“உக்காந்தா இலை போடுவாங்க. எழுந்து போயிட்டா?”

“அந்த இடத்துல அடுத்த ஆளு. புது இலை.”

“இடம் யார் பேருலயாவது எழுதியிருக்கா?”

“இல்ல. யார் உக்காந்திருக்காங்களோ அவங்களுது.”

“ரவுட்டர் பந்தி விசாரிக்கிற ஆளு. வர்ற போனுக்கெல்லாம் ஒரு எண்ணைக் குடுத்து உக்கார வைக்கும். சாம்பார் எந்த எண்ணுக்கு, ரசம் எந்த எண்ணுக்குன்னு அதுக்குத் தெரியும். எழுந்து போனா எண்ணைத் திருப்பி வாங்கிக்கும். பந்தியில யார் யார் இருக்காங்கன்னு எப்ப வேணாலும் கேக்கலாம். மறைக்காமச் சொல்லும்.”

ஜெனோவா அதையெல்லாம் கற்றுக்கொண்டாள். தன் வீட்டுக்கு ஒரு ரவுட்டர் வாங்கி, யார் உதவியும் இல்லாமல் தானே மாட்டினாள். முதல் தடவையிலேயே எல்லாம் வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் வகுப்புக்கே முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள்.

போன் செய்த சற்று நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜெனோவா ஜன்னல் வழியாக யாரென்று பார்த்த பிறகு, கதவுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்திருந்த அரிசி டிரம்மை உருட்டினாள்.

“மைனா, தள்ளி நில்லு. கால்ல ஏறிரும்,” என்று மகளிடம் சொன்னாள்.

கிறிஸ்டபெல் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிரம்மைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கதவில் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. வெள்ளையடித்தவர்கள் அதன்மேலும் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். யாரும் அதைத் தொட்ட அடையாளம் இல்லை.

“தாழ்ப்பாள் இருக்க டிரம்மை ஏன்க்கா உருட்டுறீங்க?”

“தாழ் போட்டா எனக்கு மூச்சு முட்டும் டீச்சர்.”

பழைய வீட்டில் தாழ்ப்பாள் போடுகிறவன் ராபின்சன். போட்டுவிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டுதான் பேச்சை ஆரம்பிப்பான். பிறகு பேச்சோடு நிற்காது. அங்கிருந்து வந்த நாளிலிருந்து ஜெனோவா தாழ் போட்ட அறையில் படுத்ததில்லை.

கிறிஸ்டபெல் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள்.

“வக்கீலம்மாகிட்டச் சொல்லியாச்சா?”

“சொல்லிட்டேன். காலையில ஸ்டேஷன்ல மனு குடுத்துரலாம்னாங்க. வாசல்ல வந்து நின்னா யோசிக்காம நூறுக்கு அடிக்கச் சொன்னாங்க.”

“சரி. தாளைக் காட்டுங்க.”

காட்டினாள். கிறிஸ்டபெல் வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழ்வரை வாசித்தாள்.

“இன்சூரன்ஸ் முடிஞ்சுபோச்சே. இதை ஓட்டிக்கிட்டு வந்திருக்காரா, என்ன தைரியம்.”

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வரவில்லை. “அவர் உள்ள வந்துட்டாரா டீச்சர்?”

“போன் வந்திருக்கு. ஆளு வரல. பந்தியைத் திறங்க.”

ஜெனோவா தன் போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். பெயர் கேட்டது. ‘அட்மின்’ என்று போட்டாள். பாஸ்வேர்டு கேட்டது. அதற்கும் ‘அட்மின்’ என்றே போட்டாள். திறந்துகொண்டது.

“எக்கா.”

“மாத்தணும்னுதான் நெனச்சேன்.”

“வைஃபைக்கு ஒரு சாவி, ரவுட்டருக்கு ஒரு சாவின்னு எத்தனை தடவை சொன்னேன்? முதல் சாவி உள்ள வர்றதுக்கு. ரெண்டாவது சாவி பூட்டையே மாத்துறதுக்கு. கடையில வரும்போது எல்லா ரவுட்டருக்கும் ஒரே ரெண்டாவது சாவிதான். பீரோவைப் பூட்டிட்டு சாவியை அதுலயே தொங்கவிட்டிருக்கீங்க.”

பந்தியில் நாலு பேர் இருந்தார்கள். ஜெனோவாவின் போன். மகள் படம் பார்க்கிற டேப்லெட். பிரிண்டர். நான்காவதாக, ‘ராபின்சன் போன்’.

எழுத்துகள் சாதுவாக இருந்தன.

“சிக்னல் ஒரு கோடுதான்,” என்றாள் கிறிஸ்டபெல். “தெரு முனையில இருக்கார். டீக்கடையா இருக்கும்.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா இந்நேரம் இங்க நிப்பார். போன் பாக்கெட்டுல கிடக்கு. அது பாட்டுக்கு உள்ள வந்து உக்காந்திருக்கு. நீங்க கிளம்பின சமயம் இந்தத் தாளை எடுக்கப் பார்த்திருக்கார். பிரிண்டரைக் காணோம். அதனால தாள் போனுக்குள்ளயே வரிசையில நின்னிருக்கு. இன்னைக்குப் பிரிண்டரைக் கண்டதும் கிளம்பி வந்துருச்சு. அவர் எதையும் அமுக்கல.”

“போனை வெளிய எடுத்தா?”

“மேல பாத்தா வைஃபை வந்திருக்கும். என்ன பேருன்னும் காட்டும். கோடு கூடுற பக்கமா நடந்தாப் போதும்.”

ஜெனோவா ரவுட்டரின் வயரைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

“பிடுங்கலாம்,” என்றாள் கிறிஸ்டபெல். “நாளைக்கு மாட்ட வேண்டாமா?”

“மாட்டணும். டைப்பிங் வேலையை முடிச்சு அனுப்பணுமே.”

“அப்ப நாளைக்கும் வரும்.”

கை அந்தரத்தில் நின்றது.

“இந்தக் காலனியில எத்தனை வீடு டீச்சர்! வீட்டுக்கு வீடு வைஃபை. என் வீட்டை மட்டும் அது எப்படிக் கண்டுபிடிச்சது? யாரு காட்டிக்குடுத்தா?”

கிறிஸ்டபெல் போய் வாசல் விளக்கை அணைத்தாள். ஹெல்மெட்டை மாட்டி, கறுப்புக் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு வெளியே போய், இருட்டில் படிக்குக் கீழே நின்றாள். கதவு திறந்தே இருந்தது.

“பாப்பா,” என்று மெதுவாகக் கூப்பிட்டாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் யாருடையதோ போல வந்தது.

மகள் தலை தூக்கவில்லை. யானையின் தும்பிக்கைக்கு வந்திருந்தாள்.

“செல்லம். தங்கம். கண்ணு.”

பச்சை கிரேயான் நிற்காமல் ஓடியது.

“மைனா.”

கிரேயானைப் போட்டுவிட்டுப் பிள்ளை எழுந்தாள். ஒரே ஓட்டம். நிலைப்படியைத் தாண்டி, இருட்டில் முகமில்லாமல் நின்ற உருவத்தை நோக்கி இரண்டு படி இறங்கிவிட்டாள்.

ஜெனோவா பாய்ந்து போய்ச் சட்டையைப் பிடித்துத் தூக்கினாள். “என்ன வேலை டீச்சர் இது! இந்த நேரத்துலயா விளையாடுறது?”

கிறிஸ்டபெல் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

“இவளுக்கு என்னைத் தெரியுமா?”

“இந்தக் கோலத்துலயா? தெரியாது.”

“என் குரல்?”

“இதுக்குள்ள இருந்தா? அதுவும் தெரியாது.”

“பிறகு ஏன் வந்தா?”

“பேர் தெரியும்,” என்றாள் ஜெனோவா.

கிறிஸ்டபெல் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“உங்க வைஃபைக்கு என்ன பேர் வச்சீங்கக்கா?”

ஜெனோவா மகளை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

“ராபின்ஜெனோ,” என்றாள்.

கல்யாணம் ஆன மாதம் பழைய வீட்டு வைஃபைக்கு வைத்த பெயர். யார் பெயர் முன்னால் வருவது என்று இரண்டு பேரும் சண்டை போட்டு, சிரித்து, பூவா தலையா போட்டு வைத்தது. பாஸ்வேர்டு கல்யாணத் தேதி.

“வேணும்னு வைக்கல டீச்சர். பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வச்சிட்டா பிரிண்டர், டேப்லெட், என் போன், எல்லாம் தானா ஒட்டிக்கும்ல. ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து அடிக்க வேண்டாம்னு... வேலை மிச்சம்னு...”

“எல்லாம் ஒட்டிக்கிச்சா?”

“உடனே ஒட்டிக்கிச்சு.”

“பப்ஸ் கூட வாங்கிக் குடுத்தீங்க.”

ஜெனோவா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ரவுட்டர் சும்மா மூலையில கிடக்குதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தீங்க. அது கண் மூடாது. நான் இங்க இருக்கேன், என் பேரு இது, என் பேரு இதுன்னு தெரு வரைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கும். தெரிஞ்ச பேரு காதுல விழுந்தா போன் எழுந்து போகும். யாரு கூப்பிடுதான்னு நின்னு பாக்காது. சாவியும் சேர்ந்துட்டா உக்காந்துரும்.”

“அப்ப யாரும் காட்டிக்குடுக்கல.”

“இல்ல.”

“நாந்தான்...”

“வீடு கூப்பிட்டுச்சு,” என்றாள் கிறிஸ்டபெல். “ராத்திரி பகலா, அவர் பேரைச் சொல்லி.”

ஜெனோவா மூலையிலிருந்த ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

“பேரை வெளிய தெரியாம மறைச்சு வைக்க ஒரு வசதி இருக்கே டீச்சர்?”

“இருக்கு. வீடு வாயை மூடிக்கிட்டா, அதுக்குப் பழகின போனெல்லாம் போற இடமெல்லாம் அந்தப் பேரைச் சொல்லித் தேடிக்கிட்டுத் திரியும். உங்க போனும்தான்.”

“அவர் போனை மட்டும் வெளிய தள்ளினா?”

“தள்ளலாம். இப்பல்லாம் போன் முகத்தை மாத்திக்கும். நாளைக்குப் புது ஆளு மாதிரி வந்து உக்காரும்.”

பந்தியில் நான்காவது பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கோடு ஆகியிருந்தது.

இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“பேரையும் சாவியையும் மாத்துங்கக்கா,” என்றாள் கிறிஸ்டபெல். அவள் குரல் வகுப்பில் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. “முதல்ல ரவுட்டரோட சாவி.”

“நீங்க மாத்துங்க டீச்சர். எனக்குக் கை ஓடல.”

கிறிஸ்டபெல் தன் இரண்டு கைகளையும் ஹெல்மெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

ஜெனோவா மாற்றினாள். இரண்டு முறை தப்பாக அடித்து, மூன்றாவது முறை சரியானது. பிறகு பெயர்.

“இவ பேரை வைக்கவா?”

“வீட்டுக்குள்ள யாரு இருக்கான்னு தெருவுக்கு எதுக்கு?”

ஜெனோவா சுற்றிலும் பார்த்தாள். அடுப்படி மேடையில் ஜாடிகள் இருந்தன. மஞ்சள், மல்லி, கல்லுப்பு. விரல் தானாக அடித்தது.

கிறிஸ்டபெல் எட்டிப் பார்த்தாள். “கல்லுப்பா! பரவால்ல, யாரும் கொஞ்சிக் கூப்பிட மாட்டாங்க. இனி பாஸ்வேர்டு. நீளமா இருக்கட்டும். தேதி வேண்டாம், பேர் வேண்டாம். உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு வாக்கியம்.”

சொல்லிவிட்டு எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

“நீங்க பாக்கலாம் டீச்சர். உங்களுக்குத் தெரியாம என்ன?”

“வேண்டாம்.”

“அவசரத்துக்கு நான் மறந்துட்டா?”

“புதுசா வச்சுக்குவீங்க.”

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். ஜெனோவா யோசித்து, ஒரு வாக்கியம் அடித்தாள். நீளமான வாக்கியம். அடித்துமுடிக்கும்போது மூக்கை உறிஞ்சினாள். கிறிஸ்டபெல் திரும்பவில்லை.

“அமுக்கிட்டேன்.”

ரவுட்டரின் விளக்குகள் ஒன்றாக அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. பந்தியில் ஒருவரும் இல்லை. ராபின்சன் போன் இல்லை. பிரிண்டர் இல்லை, டேப்லெட் இல்லை, ஜெனோவாவின் போனே இல்லை.

“ஐயோ, நானும் வெளிய வந்துட்டேன்!”

“எல்லாரையும் எழுப்பாம ஒருத்தரை எழுப்ப முடியாதுக்கா. யார் யாரு வேணுமோ, அவங்களை ஒவ்வொருத்தரா உக்கார வைங்க.”

எதைச் செய்ய அலுத்துக்கொண்டு பழைய பெயரை வைத்தாளோ, அதைச் செய்ய உட்கார்ந்தாள். தன் போன். அந்த நீள வாக்கியத்தை முழுக்க அடித்தாள். டேப்லெட். மறுபடியும் முழுக்க. பிரிண்டரில் கட்டைவிரல் அகலத்துக்குத்தான் திரை, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்க வேண்டும். நடுவில் ஓர் எழுத்து தப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். இடுப்பு வலித்தது. கிறிஸ்டபெல் கருகிய தோசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பிள்ளைக்கு வேறு தோசை ஊற்றினாள்.

பந்தியில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஜெனோவா நான்காவது இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரும் வரவில்லை.

அப்போது தெருவில் பைக் சத்தம் கேட்டது.

ஜெனோவாவுக்கு அந்தச் சத்தத்தை அடையாளம் காட்ட யாரும் வேண்டாம். அரிசி டிரம்மைக் கதவோடு உருட்டி, அதைக் கட்டிக்கொண்டு குந்தினாள். கிறிஸ்டபெல் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, போனில் நூறைப் போட்டு, கட்டைவிரலைப் பச்சைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டாள்.

பைக் நெருங்கியது. வீட்டுக்கு எதிரே வேகம் குறைந்தது. அந்த இடத்தில்தான் வேகத்தடை இருக்கிறது. வண்டி ஒரு முறை தூக்கிப் போட்டது. நின்றதா, நிற்கவில்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு நேரம். பிறகு கியர் மாற்றி, பிள்ளையார் கோயில் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டது.

“அப்பா பைக்கு,” என்றாள் மகள், தோசையை வாயில் வைத்துக்கொண்டு. தட்டோடு எழுந்து கதவை நோக்கி நடந்தாள். டிரம் வழியை மறித்தது. டிரம்மின் வயிற்றைத் தட்டி, “அம்மா, அப்பா பைக்கும்மா,” என்றாள்.

ஜெனோவா அவளைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. தோசையைத் தின்றுகொண்டே காதைக் கதவுப் பக்கம் வைத்திருந்தாள். சத்தம் முழுக்கத் தேய்ந்துபோகும் வரை அப்படியே இருந்தாள். பிறகு யானையிடம் போய்விட்டாள்.

கிறிஸ்டபெல் வெளியே போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். ஸ்கூட்டரைக் கேட்டுக்கு உள்ளே நிறுத்தி, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்துவந்தாள். பையில் ஒரு நைட்டியும் பல்தேய்க்கும் பிரஷ்ஷும் இருந்தன.

“மனு குடுக்கற வரைக்கும் இங்கதான் படுக்கப் போறேன். குறட்டை விடுவேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“கான்வென்ட் ஹாஸ்டல்ல இருந்தே தெரியும்,” என்றாள் ஜெனோவா. “டீச்சர்.”

“சொல்லுங்கக்கா.”

“ரவுட்டர்ல பேரை மாத்திட்டேன். இவ காதுல இருக்கிற அப்பாங்கிற பேரை எப்படி மாத்துறது?”

தரையில் உட்கார்ந்திருந்த கிறிஸ்டபெல் எழவில்லை. எதையும் எடுத்துக் காட்டவில்லை. பையின் வாரை ஒரு முறை மடித்தாள். ஒரு முறை பிரித்தாள்.

“அது உங்க ரவுட்டர் இல்லக்கா,” என்றாள். “அவளுது. அந்த ரெண்டாவது சாவி அவகிட்டத்தான் இருக்கும்.”

ஜெனோவா மகளைப் பார்த்தாள். யானைக்கு வால் முளைத்துக்கொண்டிருந்தது.

“அப்ப நான் என்ன செய்ய?”

“உங்க கதவுல தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கு?”

ஜெனோவா திரும்பிக் கதவைப் பார்த்தாள். குடிவந்ததிலிருந்து தினமும் பார்க்கிற கதவுதான். தாழ்ப்பாள் உள்பக்கம், அவள் பக்கம் இருந்தது. நிறைய நேரம் பார்த்தாள்.

பிறகு எழுந்தாள். டிரம்மை அடுப்படிக்கு உருட்டிக்கொண்டு போய், அது இருக்கவேண்டிய மூலையில் வைத்தாள். தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்தாள். பெயின்ட் இறுகிய தாழ்ப்பாளின்மேல் விட்டாள், விரலால் தேய்த்தாள். ஒரு தள்ளு தள்ளினாள். அசையவில்லை. கத்தி முனையால் பெயின்ட்டைச் சுரண்டினாள். வெள்ளைச் செதில்கள் காலடியில் விழுந்தன. மூச்சு முட்டுகிறதா என்று ஒரு கணம் நின்று பார்த்துக்கொண்டாள்.

கிறிஸ்டபெல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஜெனோவா உள்ளங்கையை வைத்து, உடம்பின் கனம் முழுவதையும் கொடுத்துத் தள்ளினாள். இரும்பு கிறீச்சிட்டு, நகர்ந்து, நிலையின் துளைக்குள் போய் நின்றது.